வீதியோர வடிகான் யாருடைய பொறுப்பு? திருகோணமலை நகரவாசிகளிடம் ஓர் ஆலோசனை

ஒழுங்கைவாசி எழுதியது:

வணக்கம். திருகோணமலை நகரின் தாழ்வான பகுதியொன்றில், பெருவீதியிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஒழுங்கையில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். ஒழுங்கையின் முகப்பில் பெருவீதியோரமாகச் செல்லும் வடிகான் மண்ணாலும் பொலித்தீனாலும் அடைபட்டுக் கிடக்கிறது. அதன் கொங்கிறீற் மூடிகளில் இரண்டு நடுவே உடைந்து, உள்ளேயிருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இரவில் சைக்கிளில் வருபவர்கள் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அயலவர் ஒருவர் அந்தப் பள்ளத்தில் பழைய டயர் ஒன்றைச் செருகி, அதில் வெள்ளைச் சாக்குத் துண்டைக் கட்டி வைத்திருக்கிறார். மாரி தொடங்கினால் ஒழுங்கைக்குள் வரும் மழைநீர் வெளியேற வழியின்றி வளவுகளுக்குள் ஏறுகிறது. கிணற்று நீர் கலங்கி, பல நாட்களுக்குக் குடிக்க முடியாத நிலைக்குப் போகிறது.

இது குறித்து முறையிட்டபோது ஓர் அலுவலகத்தில், வீதி எவருக்குச் சொந்தமோ வடிகானும் அவர்களுக்கே சொந்தம் என்றார்கள். அவர்கள் காட்டிய இடத்துக்குச் சென்றால், நீர் உள்ளொழுங்கைகளிலிருந்து வருவதால் துப்புரவு செய்வது தங்கள் வேலையன்று என்றார்கள். இரண்டும் வாய்ப்பேச்சாகவே முடிந்தன. இரு இடங்களிலும் எழுத்தில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அலுவலகங்களின் பெயரைக் குறிப்பிட்டு எவரையும் குறைகூறுவது என் நோக்கமன்று. எனக்கு வேண்டியது வழி.

ஒரு வடிகான் எந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது என்பதைச் சாதாரணக் குடிமகன் ஒருவர் உறுதியாக அறிந்துகொள்வது எப்படி? எங்கள் நகரசபை மாநகர சபையாகத் தரமுயர்ந்து, 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள். எங்கள் வட்டார உறுப்பினருக்கு இவ்விடயத்தில் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? சோலைவரியைத் தவறாமல் செலுத்திவரும் ஒருவனாக இதை அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி நம் நகரில் ஏறக்குறைய எல்லா ஒழுங்கைக்காரர்களுக்கும் உரிய கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வீதியைப் பாருங்கள். இலங்கையில் ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் கீழுள்ள வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. குருநாகல் பக்கமிருந்து வரும் ஏ6, அனுராதபுரப் பக்கமிருந்து வரும் ஏ12, மட்டக்களப்பிலிருந்து வரும் ஏ15 ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. அடுத்த தர வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. பொதுவாக வீதியோர வடிகான் அந்த வீதிக்குப் பொறுப்பான நிறுவனத்தோடு சேர்ந்தது. ஆனால் அன்றாடத் துப்புரவு என்று வரும்போது உள்ளூராட்சி மன்றத்தின் தொழிலாளர்களே இறங்கி வேலை செய்வது வழக்கம். கட்டுமானம் ஒருவரிடமும் துப்புரவு இன்னொருவரிடமும் இருப்பதால்தான் உங்களுக்கு இரண்டு பதில்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டிலும் பாதி உண்மை இருக்கலாம், ஆனால் அது உங்கள் கிணற்றைக் காப்பாற்றாது.

எனவே வாய்ப்பேச்சை விட்டு எழுத்துக்கு வாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பொது அதிகார சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானித்து உங்களுக்கு அறிவிக்க வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "ஏன் துப்புரவு செய்யவில்லை?" என்று எழுதாதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தில் உள்ளதைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறதே தவிர, அதிகாரி ஒருவரிடம் விளக்கம் கேட்கும் உரிமையை அன்று. மாறாக, இன்ன வீதியில் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரையான வடிகான் தங்கள் நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளதா, அது கடைசியாக எப்போது துப்புரவு செய்யப்பட்டது, அதற்கான செலவு எந்த ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கப்பட்டது, நடப்பாண்டில் அவ்வீதிக்கு ஒதுக்கீடு ஏதும் உண்டா என்று கேளுங்கள். ஒரே கடிதத்தை இரு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் "எம்முடையது அன்று" என்று கையொப்பமிட்டு எழுதிவிட்டால், அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து மற்றவரிடம் கொடுக்கலாம். இருவருமே மறுத்தால், அந்த இரண்டு கடிதங்களோடும் மாவட்டச் செயலகத்துக்குச் சென்று தீர்வு கேட்க உங்களுக்கு வலுவான நிலை இருக்கும்.

வட்டார உறுப்பினரைப் பற்றிக் கேட்டீர்கள். 2018 பெப்ரவரித் தேர்தலிலிருந்து உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களில் 60 சதவீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினர் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வட்டார உறுப்பினர் தனியாக எந்தத் தொழிலாளிக்கும் உத்தரவிட முடியாது. மாநகர சபையில் நிர்வாகம் ஆணையாளரின் கையில் இருக்கிறது. ஆனால் சபை அமர்வில் பிரேரணை கொண்டுவரவும், வரவுசெலவுத் திட்டத்தில் உங்கள் வடிகானுக்கு ஒரு தொகையைச் சேர்க்குமாறு வற்புறுத்தவும் அவரால் முடியும். உள்ளூராட்சி மன்றங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், அடுத்த ஆண்டுக்கான திட்டம் மாரி காலத்திலேயே உருவாகிறது. வெள்ளம் வந்த பிறகு போனால் அனுதாபம் கிடைக்கும், ஒதுக்கீடு கிடைக்காது. ஆவணியிலேயே போய்ப் பேசுங்கள்.

திருக்கடலூர் அக்கா எழுதியது:

ஐயா எழுதியவற்றை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எனினும் அந்த வடிகானுக்குள் என்ன கிடக்கிறது என்பதையும் நாம் பேசியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து கான் ஒன்றைத் திறந்து பார்த்தபோது மண்ணைவிட அதிகமாக வந்தது சோற்றுப் பொதி சுற்றும் பொலித்தீன் தாள்தான். அந்தத் தாளுக்கு 2017 செப்டெம்பரிலேயே நாடு முழுவதும் தடை வந்துவிட்டது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றுக்குமேல் ஒன்றாக ஒட்டி, எண்ணெயும் கறியும் ஊறி, கையால் பிரிக்க முடியாத கட்டியாக அவை கிடந்தன.

நமது நகரில் இதன் கேடு வடிகானோடு நிற்பதில்லை. பிரெட்ரிக் கோட்டையிலும் கடற்கரையிலும் பேருந்து நிலையச் சுற்றிலும் உலாவும் புள்ளிமான்களைப் பார்க்கிறீர்கள் அல்லவா? உப்பும் சோற்று மணமும் ஏறிய அந்தத் தாள்களை அவை மென்று விழுங்குகின்றன. வயிற்றில் பொலித்தீன் அடைத்து மடிந்துபோகின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் அந்த மான்களோடு நின்று படம் எடுத்துப் போகிறார்கள். ஊரில் இருக்கும் நாம் அவற்றின் வாயிலிருந்து பையை இழுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது மிகுந்த மனவேதனை தரும் விடயம்.

டெங்குவையும் மறக்காதீர்கள். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் போனதையும், பாடசாலைகள் மூடப்பட்டதையும் இந்த மாவட்டத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் நம் வீட்டு வளவுகளுக்குப் பொருந்துவதால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடியைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கிறார். அதே பரிசோதகரிடம் தேங்கிய கான் பற்றியும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், தம்பி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒரு கடிதம் போனால் பொறியியல் பிரிவு சற்று விரைவாக அசைவதை நான் பார்த்திருக்கிறேன்.

உவர்மலையிலிருந்து எழுதியது:

ஓய்வுபெற்ற ஐயாவின் வழி சரியானதே. ஆனால் முழுச் சிக்கலையும் கடிதங்களால் தீர்க்கலாம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, நாம் கானின் மேல் செய்திருப்பவை. படலைக்கு முன்னால் வாகனம் ஏறுவதற்காகப் பலர் கானை முழு அகலத்துக்கும் சீமெந்து போட்டு மூடியிருக்கிறார்கள். தூக்குவதற்கு வளையமோ துளையோ இல்லாத அந்த மூடிகளுக்குக் கீழே எந்தத் தொழிலாளியாலும் மண்வெட்டியை விட முடியாது. இரு முனைகளிலும் துப்புரவு செய்துவிட்டுப் போகிறார்கள். நடுவில் அடைப்பு அப்படியே கிடக்கிறது. முறைப்பாடு எழுதுமுன் ஒழுங்கையிலுள்ள எல்லோரும் தத்தம் படலையடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உட்துறைமுகத்துக்கும் கிழக்குக் கடலுக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்தில் அமைந்த நகரப் பகுதியில் நீர் ஓடுவதற்கான சரிவே குறைவு. அதிலும் ஓரிடத்தில் தடுத்தால் பின்னாலுள்ள தெருக்கள் எல்லாம் அதைச் சுமக்கின்றன.

மற்றையது, நடுவில் இருக்க வேண்டிய படியில் மக்கள் பிரதிநிதி எவரும் இல்லாத நிலை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாண சபைக்கு உரிய விடயம். கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 37 உறுப்பினர்களில் 10 பேர் நம் மாவட்டத்தில் தெரிவானார்கள். 2017 செப்டெம்பர் இறுதியில் அதன் பதவிக்காலம் முடிந்த பின்னர் ஆளுநரின் கீழேயே நிர்வாகம் நடந்து வருகிறது. தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தை அதே மாதத்தில் நிறைவேற்றிய நாடாளுமன்றம், அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ட்டில் தோற்கடித்ததிலிருந்து விடயம் அங்கேயே நின்றுவிட்டது. போதாக்குறைக்கு உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்து, தேர்தல் தள்ளிப்போனதால் 2025 வரை உத்தியோகத்தர்களாலேயே நடத்தப்பட்டன. மாகாண வீதி ஒன்றின் கான் உடைந்தால், வாக்குக் கேட்டு வந்த எவரிடமும் அதைப் பற்றிக் கேட்க முடியாத நிலை இது. மாகாணத்தின் தலைநகரில் வாழும் நாம் இதை ஒரு குறையாகவே உணராமல் பழகிவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

உவர்மலை நண்பர் கூறிய மாகாண சபை வெற்றிடம் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்கைவாசித் தம்பி அந்தத் தேர்தல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாகாணத் திணைக்களமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதே. உறுப்பினர் இல்லாத இடத்திலும் உத்தியோகத்தர் இருக்கிறார். அவருடைய பதில் கோவையில் இருக்கும். படலையடி மூடிகள் பற்றி அவர் சொன்னது மிகவும் முக்கியம். பொறியியல் பிரிவினர் இடத்தைப் பார்வையிட வரும்போது முதலில் சுட்டிக்காட்டப் போவது அதைத்தான்.

ஒழுங்கைவாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் பெருவீதி ஏ, பி தரத்தைச் சேர்ந்ததா என்பதுகூட எனக்குத் தெளிவாகத் தெரியாதபடியால், மத்திய அதிகார சபை, மாகாணத் திணைக்களம், மாநகர சபை ஆகிய மூன்றுக்கும் ஒரே கேள்விகளை அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறேன். ஒழுங்கையிலுள்ள வீட்டுக்காரர்களிடம் படலையடி மூடிகள் பற்றியும் பேசத் தொடங்கிவிட்டேன். சிலர் உடனே இணங்கினார்கள், சிலர் தயங்குகிறார்கள். ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கோரிக்கையை என் பெயரில் அனுப்புவதா, ஒழுங்கைக்காரர் எல்லோரும் கையொப்பமிட்டு அனுப்புவதா நல்லது?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

தகவல் கோரிக்கை உங்கள் ஒருவரின் பெயரிலேயே போகட்டும். பதில் ஒரு முகவரிக்கு வரும். மேன்முறையீடு செய்ய வேண்டி வந்தாலும் குழப்பம் இராது. ஆணையாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் கொடுக்கும் முறைப்பாட்டில் எல்லோருடைய கையொப்பமும் முகவரியும் சோலைவரி இலக்கமும் இருக்கட்டும். உடைந்த மூடியை நாணயத்தாளோ அளவுகோலோ அருகில் வைத்துப் பருமன் தெரியும்படி படமெடுத்து, திகதியிட்டு அதனுடன் இணைத்துவிடுங்கள். டயர் செருகிய இடத்தையும் சேர்த்து எடுங்கள். விபத்து நேரக்கூடும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்ததற்கு அது சான்றாகும்.