பூசணிக்காய எடுத்தது யாருன்னு இன்னும் தெரியல

ஏழாங்கிளாஸ்ல எங்களுக்கு சயின்ஸ் எடுத்த சார், கிளாஸ்ரூம விட தோட்டத்துலதான் எங்கள அதிகமா மேய்ச்சாரு. ஸ்கூலுக்குப் பின்னாடி உடைஞ்ச பெஞ்சும் குப்பையும் கிடந்த இடத்த நாங்களே கொத்தி, கல்லு பொறுக்கி, பாத்தி கட்டினோம். கையெல்லாம் கொப்புளம், வீட்ல கேட்டா ப்ராக்டிகல்னு சொல்லிடுவோம்.

முதல்ல வெண்டை. விதைய ராத்திரி பூரா ஊற வச்சு ஆளுக்கு ரெண்டு குழி குடுத்தாரு. எனக்குத்தான் பொறுமையே கிடையாதே, ரெண்டாம் நாளே தோண்டிப் பாத்தேன், மூணாம் நாளும் தோண்டினேன், வெள்ளையா வேர் எட்டிப் பாத்துச்சு, திரும்ப மூடி வச்சுட்டு வந்துட்டேன். ஒரு வாரத்துக்குள்ள எல்லாரோடதும் முளைச்சிருச்சு, என் குழி மட்டும் மொட்டையா கிடந்துச்சு. அடி விழும்னு நெனச்சேன். "தூங்குறவன் போர்வைய தெனம் தூக்கிப் பாத்தா அவன் எப்படிடா தூங்குவான்"னு சொல்லிட்டு இன்னும் ரெண்டு விதைய கைல வச்சுட்டு போயிட்டாரு, அவ்ளோதான்.

காய் வந்தப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா பறிக்கணும்பாரு. முத்தின காய செடியிலயே விட்டா செடி விதையப் பாக்கப் போயிடும், புதுசா பூ விடுறது குறைஞ்சிடும். நுனிய ஒடிச்சா டக்குனு ஒடியணும், வளைஞ்சா நார். இப்பவும் காய்கறி வாங்கும்போது நான் ஒடிச்சுத்தான் பாக்குறேன், கடைக்காரங்க முறைப்பாங்க.

ஆனா நிஜமா அசந்தது பூசணியிலதான். கொடி முழுக்க பூ, எல்லாம் உதிருது, ஒரு பிஞ்சு கூட இல்ல. செடிக்கு வியாதின்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். முதல்ல வர்றது ஆண் பூ, அதுல காய் வராது, காம்பு பக்கம் குட்டி உருண்டையோட வர்றதுதான் பெண் பூ, அது ஒரே ஒரு காலைலதான் விரிஞ்சிருக்கும், வெயில் ஏறினா சுருங்கிடும்னு சொல்லி எங்கள விடிஞ்சதும் வரச் சொன்னாரு. நாலு பேர்தான் போனோம். ஆண் பூவோட இதழ எல்லாம் கிழிச்சுட்டு நடுத்தண்ட பெண் பூ நடுவுல மெதுவா தடவச் சொன்னாரு. மகரந்தச்சேர்க்கைன்னு புக்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன் நான், அன்னைக்குத்தான் அது விரல்ல மஞ்சளா ஒட்டுச்சு.

நான் தடவுன பூ காய் புடிச்சு பெருசாச்சு. நகம் இறங்காத அளவுக்கு தோல் கெட்டியாகணும், காம்பு காயணும், அப்புறம் காம்பு நாலு விரல் அளவு இருக்கற மாதிரி அறுத்தாத்தான் ரொம்ப நாள் கெடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு, நாங்களும் தெனம் நகத்த வச்சு அழுத்திப் பாத்துட்டே இருந்தோம்.

திங்கக்கிழமை வந்து பாத்தா காய் இல்ல.

எனக்கு அழுகையே வந்துருச்சு. சார் கொடிய தூக்கி வெட்டின எடத்த ரொம்ப நேரம் பாத்தாரு. "பிச்சு எடுக்கல, கத்தி வச்சு அறுத்திருக்கான், காம்பையும் அளவா காயோட சேத்து எடுத்துட்டுப் போயிருக்கான்"னு சொல்லிட்டு எங்க நாலு பேரையும் ஒரு பார்வை பாத்து சிரிச்சாரு பாருங்க. நான் இல்லங்க, சத்தியமா. மத்த மூணு பேரும் இதேதான் சொல்றானுங்க.