பில்ட் எ ஃபிகர் வேணுமா வேண்டாமா? ஒத்தக் கை இல்லாத அபோகலிப்ஸ வச்சுக்கிட்டு கேக்குறேன்

ஆறு இன்ச்:
மக்களே, எக்ஸ் மென் 97 கார்ட்டூனோட ஃபிகர்லாம் ஹாஸ்ப்ரோ கம்பெனியோட மார்வல் லெஜண்ட்ஸ்ங்கிற ஆறு இன்ச் பொம்மை வரிசையில வந்தப்போ அதுல பில்ட் எ ஃபிகர் இல்லன்னு தெரிஞ்சதும் நெறைய பேர் "அப்பாடா, தொல்லை விட்டுச்சு"ன்னு எழுதினாங்க. எனக்கு அன்னைலேர்ந்து மனசு ஆறல. புதுசா கலெக்ட் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு வேவ்ல, அதாவது ஒண்ணா வெளிவர்ற ஒரு செட்டுல, ஆறேழு ஃபிகர் வரும், ஒவ்வொரு பெட்டியிலயும் வேற ஒரு பெரிய கேரக்டரோட கை, கால், தலைன்னு ஒரு பாகம் கூடவே இருக்கும், எல்லாத்தையும் வாங்கிச் சேத்தா அந்தப் பெரிய ஆளு முழுசா எழுந்து நிப்பான். 2005ல, அப்போ லெஜண்ட்ஸ் பண்ணிட்டிருந்த டாய் பிஸ் கம்பெனி ஒன்பதாவது சீரிஸ்ல கலாக்டஸ வச்சு இத ஆரம்பிச்சாங்க, அடுத்த சீரிஸ்லயே சென்டினல், 2006ல அபோகலிப்ஸ். அந்த சைஸ் வில்லனெல்லாம் நம்ம அலமாரி ஏறுனதே இந்த வழியிலதான். என் அபோகலிப்ஸுக்கு இன்னும் ஒரு கை இல்ல, அந்தக் கை வந்த ஃபிகர் மட்டும் கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்ல. ஆனாலும் சொல்றேன், இந்த முறை போகக்கூடாது.

பெட்டிக்காவலன்:
ப்ரோ உங்க பாசம் புரியுது ஆனா இது பாசத்த வச்சு பணம் பறிக்கிற வேலை, வேற ஒண்ணும் இல்ல. 2014ல கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி வேவ் ஞாபகம் இருக்கா? படத்துல அஞ்சு பேர் டீம். ஸ்டார் லார்ட், கமோரா, ட்ராக்ஸ், ராக்கெட் நாலு பேரும் ஆளுக்கொரு பெட்டியில வந்தாங்க, அஞ்சாவது ஆளு க்ரூட் மட்டும் துண்டு துண்டா வந்தான். படம் பாத்துட்டு ஆசையா வர்றவன் க்ரூட்ட நிக்க வைக்கணும்னா அவனுக்கு சம்பந்தமே இல்லாத காமிக்ஸ் நோவாவையும் அயர்ன் மேனையும் சேத்து வாங்கியாகணும். யாருக்கும் தெரியாத கேரக்டர இப்படிக் குடுத்தா சரி. டீம்ல இருக்கிறவன புடிச்சு பணயம் வைக்கிறது என்ன நியாயம்?

இன்னொண்ணு, நான் பெட்டிய பிரிக்காம வைக்கிற ஆளு. எனக்கு அந்தக் காலும் கையும் எதுக்கு? சும்மா உள்ள கெடந்து தூங்குது.

துகள்:
க்ரூட் விஷயத்துல காவலன் சொல்றது நூத்துக்கு நூறு சரி.

நீலக்கேப்:
மார்வல மட்டும் வச்சே பேசுறீங்க, டிசி பக்கமும் கொஞ்சம் பாருங்க. 2008ல மாட்டெல் கம்பெனியோட டிசி யுனிவர்ஸ் கிளாசிக்ஸ் வரிசையில முதல் வேவ்ல மெட்டமார்ஃபோவ இதே மாதிரி துண்டாக்கிக் குடுத்தாங்க. கூட வந்தது யாரு? பேட்மேன், பெங்குவின், எட்ரிகன், ஓரியன், ரெட் டொர்னாடோ. இதுல பேட்மேன விட்டா மத்தத கடைக்காரர் எத்தன நாள் மாட்டி வச்சிருப்பாருன்னு நெனைக்கிறீங்க? மெட்டமார்ஃபோவோட ஒரு பாகம் உள்ள இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக ரெட் டொர்னாடோவ வாங்கினவங்க ஏராளம். நானே அந்த பாகத்துக்காகத்தான் ஓரியன வாங்கினேன், யாருன்னே தெரியாது. வாங்கினப்புறம் யாருடா இவன்னு தேடிப்போய் ஜாக் கிர்பி 1971ல எழுதி வரைஞ்ச நியூ காட்ஸ் படிச்சேன். இன்னைக்கு என் அலமாரியில ஒரு தட்டு முழுக்க கிர்பி ஆளுங்க. வேண்டாத ஃபிகர்னு நீங்க சொல்றீங்கள்ல, அது எனக்கு ஒரு கதவு தொறந்த மாதிரி.

பெட்டிக்காவலன்:
சிஸ் உங்களுக்கு தொறந்துச்சு, சந்தோஷம். ஆனா பத்துல ஒருத்தருக்கு கதவு தொறக்குது, மீதி ஒம்பது பேருக்கு வேண்டாத ஃபிகர் அட்டைப்பெட்டியில போய் சேருது, கை கால் மட்டும் உருவிட்டு மிச்சத்த அப்படியே கைமாத்தி விடுறவங்க எத்தன பேருன்னு உங்களுக்கே தெரியும்.

தட்டான்:
யாரும் பேசாத ஒண்ண நான் சொல்றேன். பாகம் திருட்டு. ஒருத்தன் வாங்குறான், வீட்டுக்குப் போயி கால மட்டும் எடுத்துட்டு பெட்டிய ஒட்டி கடையிலயே திருப்பிக் குடுத்துடுறான், கடையில யாரும் தொறந்து பாக்குறதில்ல. எனக்கே நடந்துச்சு. ஆன்லைன்ல ஒரு கடையில ஆர்டர் பண்ணி வந்த பெட்டி, அடி மடிப்புல டேப் ஓரம் லேசா தூக்கிட்டு இருந்துச்சு, மேல இன்னொரு டேப். உள்ள ட்ரேல ஃபிகர் இருக்கு, துப்பாக்கி இருக்கு, பக்கத்துல தொடையும் முழங்காலும் அச்செடுத்த மாதிரி ஒரு பள்ளம், அது மட்டும் காலி. ரிட்டர்ன் கேட்டேன், ஃபிகர்தான் சரியா இருக்கேன்னு பதில் வந்துச்சு. ஹாஸ்ப்ரோ பிளாஸ்டிக் குறைக்கிறோம்னு ஜன்னல் இல்லாத அட்டைப்பெட்டி விட்டாங்களே அந்த சமயம் இது. உள்ள கால் இருக்கா, முகத்துல கண்ணு நேரா பெயிண்ட் ஆகியிருக்கான்னு எதையுமே வெளிய இருந்து பாக்க முடியாது. 2023ல ஜன்னல திரும்பக் கொண்டு வர்றோம்னு அவங்களே அறிவிச்சாங்க, அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஆனா பில்ட் எ ஃபிகர் இருக்கிற வரைக்கும் இந்த திருட்டும் இருக்கும்.

ஆறு இன்ச்:
தட்டான் அண்ணா உங்களுக்கு நடந்தது கொடுமைதான், ஆனா அது திருடினவன் தப்பு, வாங்கிக்கிட்ட கடையோட தப்பு. காவலன் ப்ரோவுக்கு வர்றேன். ஒரு ஃபிகருக்கு புதுசா மோல்ட், அதாவது பிளாஸ்டிக் வார்க்கிற அச்சு, வெட்டுறதுதான் பெரிய செலவு, அதனாலதான் ஒரே உடம்புல தலைய மட்டும் மாத்தி பத்து கேரக்டர் விடுறாங்க. அபோகலிப்ஸ், மோடாக் மாதிரி ஆளுக்கு அந்த உடம்பு ஒத்து வராது, தல முதல் கால் வரைக்கும் தனி மோல்ட். அந்த செலவ ஆறு ஃபிகர் தலையில பங்கு போட்டாதான் அவன் பொறக்கவே செய்வான். தனியா விடுங்கன்னு சொல்றது சுலபம், தனியா விட்டா வெறும் ஹல்க்கும் தானோஸும்தான் திரும்பத் திரும்ப வருவாங்க.

பெட்டிக்காவலன்:
தனியா விட முடியாதுன்னு யார் சொன்னா? முன்பதிவு எடுத்து, போதுமான ஆளு சேந்தா மட்டும் ஹாஸ்ப்ரோ செய்ற ஹாஸ்லாப் என்னத்துக்கு இருக்கு? 2020ல சென்டினல், 26 இன்ச். 2021ல கலாக்டஸ், 32 இன்ச். 14,000 பேர் முன்பதிவு பண்ணா செய்வோம்னாங்க, 30 ஆயிரத்துக்கு மேல வந்தாங்க. யாரையும் கட்டாயப்படுத்தல, வேணும்கிறவன் காச வச்சான், ஒரே பெட்டியில முழு ஆளா வந்துச்சு. நேர்மையான வழின்னா அதுதான். உங்க 2005 கலாக்டஸ பக்கத்துல நிக்க வச்சா இடுப்புக்குத்தான் வருவான்.

நீலக்கேப்:
அதே ஹாஸ்லாப்ல 2022ல கோஸ்ட் ரைடரோட கார், எஞ்சின் ஆஃப் வெஞ்சன்ஸ்னு போட்டாங்களே, என்னாச்சு? 9,000 பேர் கேட்டாங்க, அதுவே சேரல, கார் வரவே இல்ல. கலாக்டஸுக்கு கூட்டம் தானா வரும் சகோ. அந்தக் கார ஓட்டுற கோஸ்ட் ரைடர் ராபி ரேயஸுக்கு வராது. கூட்டம் இல்லாத கேரக்டருக்கு யாரு இருக்கா? நாம கையும் காலுமா சேத்தாதான் உண்டு.

பெட்டிக்காவலன்:
சரி, அந்த கார் விஷயம் நானும் மறந்துட்டேன், ஒத்துக்கிறேன். சின்ன கேரக்டருக்கு ஹாஸ்லாப் பதில் இல்ல. ஆனா கேஸ் கணக்கு பத்தி ஏன் யாரும் வாய தொறக்கல? கடைக்கு மொத்தமா வர்ற பெரிய அட்டைப்பெட்டிதான் கேஸ், அதுல படத்து ஹீரோ ரெண்டு இருப்பான், பேர் தெரியாதவன் ஒண்ணே ஒண்ணுதான் இருப்பான். அந்த ஒண்ண மொதல்ல வர்றவன் தூக்கிட்டுப் போயிடுவான். அப்ப வேவ் முழுசா சேக்கணும்னு நெனைக்கிற பாதி பேருக்கு கடைசி பாகம் கெடைக்கவே வழி இல்ல. ஆறு இன்ச் ப்ரோ, உங்க அபோகலிப்ஸ் கையில்லாம நிக்கிறதுக்கு காரணம் நீங்க இல்ல, அந்தக் கணக்கு. எனக்கு உண்மையிலயே வேணும்கிறது என்னன்னா, டாய் பிஸ் 2002ல லெஜண்ட்ஸ் ஆரம்பிச்சப்போ ஃபிகரோட ஒரு முழு காமிக்ஸ் புக்கே உள்ள வச்சுக் குடுத்தாங்க. அடுத்தவன் கால வைக்கிற எடத்துல அந்தப் பெட்டிக்காரனோட கதைய வைங்க. ஓரியன் யாருன்னு நீலக்கேப் தேடி அலைஞ்சிருக்க வேண்டாமே.

நீலக்கேப்:
புக் ஐடியா எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா புக் வந்த அதே பெட்டியிலதான் கலாக்டஸ் காலும் வந்துச்சு, ரெண்டும் சேந்தே இருக்கலாம்.

துகள்:
ஆறு இன்ச் ப்ரோ, கைய 3டி பிரிண்ட் பண்ணிக்கலாமே? ஃபைல் தேடினா கெடைக்கும், பெயிண்ட் நான் சொல்லித்தர்றேன்.

ஆறு இன்ச்:
நன்றி துகள், ஆனா மனசு வரல. மாட்டும்போது வர்ற அந்த "டக்" சத்தம் இருக்கு பாருங்க. மொத நாள் உடம்பு மட்டும் இருந்துச்சு, பேப்பர் வெயிட் மாதிரி மேசையில கெடந்தான். அப்புறம் ஒரு கால், தோள் பக்கம் ஓட்டை மட்டும். இன்னொரு கால் கெட்டியா இருந்து ஏறல, ஜாயிண்ட்ட சுடுதண்ணியில ஒரு நிமிஷம் முக்கி எடுத்து அழுத்தினேன், உள்ள போய் உக்காந்துச்சு, அன்னைக்குத்தான் தானா நின்னான். மாசக்கணக்குல ஒருத்தன கொஞ்சம் கொஞ்சமா எழுப்புறது. முழு ஆளா ஒரே பெட்டியில வந்திருந்தா அவன இவ்வளவு பக்கத்துல பாத்திருக்கவே மாட்டேன். அதனால பிரிண்ட் போட்ட கை வேண்டாம்.

பெட்டிக்காவலன்:
எந்த கை ப்ரோ? இடதா வலதா? எந்த ஃபிகரோட வந்ததுன்னு தனி மெசேஜ்ல அனுப்புங்க.

பெட்டிக்காவலன்:
பாத்தேன். நீங்க சொன்ன ஃபிகர் என்கிட்ட இருக்கு. சீல் பிரிக்காம. கூடு லேசா மஞ்சளாயிருக்கு ஆனா உள்ள எல்லாம் அப்படியே இருக்கு, கையும் இருக்கு. மன்னிச்சிருங்க ப்ரோ, என்னால பிரிக்க முடியாது, அந்த சீரிஸ்ல நான் சீலோட வச்சிருக்கிறது அது ஒண்ணுதான்.

ஆறு இன்ச்:
ஐயோ பிரிச்சிடாதீங்க ப்ரோ, சத்தியமா அத கேக்கல. ஒரு போட்டோ மட்டும் வெளிச்சத்துல எடுத்துப் போடுங்க. விரல் மடங்கியிருக்கா விரிஞ்சிருக்கான்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியாது.