பாத்வே: ‘பாதை’ வேண்டாம், ‘படிவழி’ என்று வைப்போம்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

கலத்துக்குள் ஒரு பொருள் படிப்படியாக இன்னொன்றாக மாறும் இரசாயனத் தாக்கங்களின் தொடரை ஆங்கிலத்தில் பாத்வே (pathway) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று இங்கே ஆளுக்கொரு பரிந்துரை சொல்லி வருகிறோம். பாதை என்றே வைத்துவிடலாம், புதிதாக எதற்கு என்று சென்ற கிழமை அண்ணை ஒருவர் எழுதியிருந்தார். நானும் இவ்வளவு காலமும் அப்படித்தான் படிப்பித்தேன். இப்போது மனம் ஒப்பவில்லை.

என்னிடம் படிக்கும் உயர்தர மாணவி ஒருத்தியின் வீட்டில் கள்ளுச் சீவல் தொழில். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர் (பதநீர்) ஏன் கள்ளாகிறதில்லை என்று கேட்டாள். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி மதுவத்தை (ஈஸ்ட்) அடக்கிவிடுகிறது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அடக்காவிட்டால் மதுவம் என்ன செய்யும் என்பதையும் பார்க்கட்டும் என்று, இத்தகைய தொடர்களைப் படங்களாக வைத்திருக்கும் கெக் (KEGG) தரவுத்தளத்தைத் திறந்தேன். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 1995இல் தொடங்கிய தளம் அது. அதில் 00010ஆம் எண் படம் கிளைக்கோப்பகுப்பு, அதாவது குளுக்கோசு உடையும் தொடர். சிறு வட்டங்கள் சேர்வைகள், பெட்டிகள் நொதியங்கள் (என்சைம்கள்), பெட்டிக்குள் நொதியத்தின் எண். குளுக்கோசிலிருந்து பத்துப் படி இறங்கினால் பைருவேற்று. அதிலிருந்து 4.1.1.1 என்ற பெட்டியைத் தாண்டினால் அசற்றல்டிகைட்டு, 1.1.1.1ஐத் தாண்டினால் எதனோல்.

உயிரினப் பட்டியலில் மதுவத்தைத் தெரிவு செய்தால் இந்த இரண்டு பெட்டிகளும் பச்சையாகின்றன. மனிதனைத் தெரிவு செய்தால் 4.1.1.1 வெள்ளையாகவே நிற்கிறது, 1.1.1.1 மட்டும் பச்சை. அது எதனோலைத் திரும்ப அசற்றல்டிகைட்டாக்கவும் உதவும். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்ப எங்கட உடம்புக்குக் கள்ளு ஆக்கத் தெரியாது, குடிச்சதை உடைக்கத்தான் தெரியும்” என்றாள். அதற்குமேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

ஆனால் மறுநாள் அவளுடைய கொப்பியைப் பார்த்தபோது, கலமென்சவ்விலிருந்து கரு வரைக்கும் ஒரு குழாய் கீறி, ‘கிளைக்கோப்பகுப்புப் பாதை’ என்று பெயர் எழுதியிருந்தாள். பிழை அவளுடையது அல்ல, நான் கொடுத்த சொல்லினுடையது. பாதை என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. இங்கே இடம் மாறுவதில்லை, பொருள்தான் மாறுகிறது. அதோடு எங்கள் பக்கத்தில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப் போகும் மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். தீவுப் பிள்ளைக்கு அந்தச் சொல் முதலில் எதை நினைவூட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னை நண்பர் சொன்ன வழித்தடத்துக்கும் இதே குறைதான். பேருந்து ஓடுகிற ஞாபகம்தான் வருகிறது.

வினைத்தொடர் என்ற பரிந்துரை பொருளுக்கு நெருக்கமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இரசாயன வினை என்பதை இங்கே தாக்கம் என்கிறோம். எங்கள் பிள்ளைக்கு வினை என்றால் இலக்கண வினை, அல்லது முன்வினைப் பயன். போதாக்குறைக்குத் தொடர்வினை என்ற சொல் அணுப்பிளவுக்கு ஏற்கெனவே போய்விட்டது. முன்னும் பின்னும் மாற்றிப்போட்டால் வேறு பொருள் தருகிற இரண்டு சொற்களைப் பரீட்சை மண்டபத்தில் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது.

பாத்வே என்றே விட்டுவிடலாம் என்கிறவர்களுக்கு ஒன்று. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரிலேயே 1875இல் நூல் வந்தது. அந்தச் சொல் நிலைக்கவில்லை. இரசாயனவியலும் வேதியியலும்தான் நின்றன.

சரி, என் முன்மொழிவு: படிவழி.

கீரிமலைக் கேணியில் இறங்கிய படியாலேதான் ஏறி வருகிறோம். அந்த 00010 படமும் அப்படித்தான். குளுக்கோசு உடைவதும், பைருவேற்றிலிருந்து குளுக்கோசு திரும்ப உருவாவதும் ஒரே படத்தில் இருக்கின்றன. பத்தில் ஏழு படிகள் இரு பக்கமும் பொது. மூன்றில் மட்டும் ஏறுவதற்கு வேறு நொதியங்கள் வேண்டும். பாதை என்று சொன்னால் இது மனத்தில் படாது, படி என்றால் எண்ணிக் காட்டலாம்.

இன்னொன்றும் உண்டு. பெட்டி பச்சையாக இருந்தால், அந்த நொதியத்துக்குரிய பரம்பரையலகு, உங்கள் மரபணு, அந்த உயிரினத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். இந்த நேரத்தில் அந்தத் தாக்கம் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. படி இருக்கிறது, யாராவது மிதிக்கிறார்களா என்பது வேறு. முதன்முதலாகத் தரவுத்தளத்துக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். சொல்லே அதை எச்சரிக்கிறதென்றால் அதைவிட என்ன வேண்டும்?

வட்டமாகச் சுற்றுவதற்கு என்ன செய்வது என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். சித்திரிக்கமிலச் சக்கரத்துக்குச் சக்கரம் என்ற பெயர் இருக்கிறது, அதை அப்படியே விடுவோம். அதுவும் ஒருவகைப் படிவழி என்று வகுப்பில் சொன்னால் போதும்.

சேர்த்து எழுதிப் பார்த்தேன்: அனுசேபப் படிவழி, சமிக்ஞைப் படிவழி, படிவழிப் படம், படிவழி எண். எங்கும் இடறவில்லை. வெறும் ‘வழி’ என்று வைத்தால் தேடல் பெட்டியில் ஊரிலுள்ள எல்லா வழியும் வந்து குவியும். படிவழிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரே படிவழியைக் கெக் ஒரு பெயரிலும் ரியாக்டோம் என்ற மற்றொரு தரவுத்தளம் இன்னொரு பெயரிலும் வைத்திருக்கலாம், எல்லையும் வேறாக இருக்கலாம் என்பதால் ‘படிவழி எண்’ என்பதை நாங்கள் அடிக்கடி எழுத வேண்டிவரும். பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனால் பின்னால் வருகிறவருக்கு எந்தப் படம் என்று தெரியாது.

ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கையிலுள்ள பட்டியலின் பரம்பரையலகுகள் எந்தப் படிவழியில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகச் சேர்ந்து நிற்கின்றன என்று பார்க்கும் கணக்கு, பாத்வே என்ரிச்மென்ட். ‘படிவழிச் செறிவு’ என்று எழுதினேன். இரசாயனவியலில் செறிவுக்கு வேறு வேலை இருக்கிறது, குழம்பும். ‘படிவழி மிகை’ என்று அடித்து எழுதினேன், அதுவும் அரைகுறையாகத்தான் கேட்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து