கல் பந்தலில் நான்காவது வருடமும் அதே குழியில் அவரை: வேரெல்லாம் முடிச்சு, மதியம் வாடுகிறது. என்ன செய்யலாம்?

கல்பந்தல்:
ஒட்டன்சத்திரம் பக்கம், செம்மண். 20 சென்ட் கல் பந்தல், 3 மீட்டருக்கு 2 மீட்டர் குழி, சொட்டுநீர். நான்கு வருடமாக ஆடிப்பட்டத்தில் அதே குழிகளில் பந்தல் அவரை. முதல் இரண்டு வருடம் குறையில்லை. போன வருடம் தை பிறந்ததுமே காய்ப்பு ஓய்ந்துவிட்டது. இப்போது 50 நாள் கொடி. ஒரு மூலையில் இருபது குழி அளவுக்கு மதியம் இலை துவண்டு தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது. இலை சிறுத்து வெளுத்திருக்கிறது, யூரியாவுக்கும் பச்சை திரும்பவில்லை. ஒன்றைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாக. "அவரை வேரில் முடிச்சு இருந்தால் நல்லதுதான், தழைச்சத்து சேரும், அதே இடத்தில் போடு" என்கிறார்கள். உரக்கடையில் குருணை மருந்து போடச் சொல்கிறார்கள். பந்தலைப் பெயர்த்து வேறு இடத்தில் நட முடியாது. வழி சொல்லுங்கள்.

மண்வெட்டி:
இரண்டு வெவ்வேறு பொருளுக்கும் 'வேர்முடிச்சு' என்றே சொல்வதால் வருகிற குழப்பம் இது. தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் முடிச்சு ஒன்று, மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு உண்டாக்கும் முடிச்சு இன்னொன்று. பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாடும் கொடியைக் கையால் இழுக்காதீர்கள், நுனிவேர் மண்ணிலேயே அறுந்துவிடும். சுற்றி ஒரு அடி தள்ளி மண்வெட்டியால் வெட்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி ஒட்டினதுபோல் இருக்கும். நகத்தால் தள்ளினால் உருண்டு வந்துவிடும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு தள்ளினாலும் வராது, ஏனென்றால் வீங்கியிருப்பது வேரேதான். பல முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இஞ்சிக் கிழங்குபோல் கோணல்மாணலாகத் தெரியும்.

அதே செடியின் தண்டை அடியிலிருந்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோய். மண்ணை ஒட்டிய இடத்தில் வெள்ளைப் பூசணமும் கடுகு போன்ற மணிகளும் இருந்தால் தண்டழுகல்.

கல்பந்தல்:
மூன்று செடி பார்த்தேன். மேல்வேரில் சின்ன மணி சில, தள்ளினால் வருகிறது, உள்ளே சிவப்பு. கீழே முழுக்க வீங்கின வேர், அசையவில்லை. தண்டு உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கிறது. பூசணம் இல்லை.

மண்வெட்டி:
அப்படியானால் வேர்முடிச்சு நூற்புழு. வீங்கின வேரால் தண்ணீரை ஏற்ற முடிவதில்லை, அதனால்தான் மதிய வாட்டம். யூரியா எடுபடாததும் அதனால்தான், இனிக் கொடுக்க வேண்டாம்.

ஒரே இடத்தில் அவரை போட்டால் சத்து தீர்ந்துவிடும் என்பது பாதிதான் உண்மை. சத்தைத் தொழுவுரத்தால் ஈடுகட்டலாம். ஈடுகட்ட முடியாதது இந்தப் புழு. சூடான மண்ணில் 25–30 நாளில் ஒரு தலைமுறை முடியும், ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். பந்தல் அவரை ஆறு மாதம் நிற்கிற பயிர். சொட்டுநீர் அதே குழியை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது. புழுவுக்கு இதைவிட வசதி வேறென்ன?

குருணை வேண்டாம். வாரம் தவறாமல் காய் பறித்துச் சாப்பிடுகிற பயிர் இது. போரேட் குருணைக்கு 2020 முடிவிலிருந்து நாடு முழுக்கத் தடை. பழைய இருப்பை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கொடிக்கால்:
கிணற்றடி அவரை பத்து வருடம் ஒரே இடத்தில் காய்க்கிறதே? நல்ல மண்ணாக்கினால் இடம் மாற்றத் தேவையில்லை என்பது என் கருத்து.

மண்வெட்டி:
கிணற்றடியில் இருப்பது ஒரு கொடி. அதன் தூரில் சாம்பலும் சாணமும் குப்பையும் விழுந்துகொண்டே இருக்கும். மட்கு நிறைந்த மண்ணில் நூற்புழுவைத் தின்னும் பூஞ்சைகள் பெருகும், கொஞ்சம் புழு இருந்தாலும் கொடி தாங்கும். வேர் சுத்தமாக இருக்கிற வரை அதே இடத்தில் போடுவதில் தவறில்லை. இங்கே வேர் வீங்கிவிட்டது, 130 குழிக்கு மேல் இருக்கிறது. மட்கு மட்டும் போதாது.

கல்பந்தல்:
அவரையை விட்டு அடுத்த வருடம் பாகலோ புடலையோ ஏற்றலாமா? பந்தலும் வீணாகாது.

வெள்ளாமை:
பலரும் பணத்தைத் தொலைக்கும் இடம் இதுதான். பாகல், புடலை, பீர்க்கு, சுரை எல்லாவற்றிலும் இதே புழு ஏறும். தக்காளி, கத்தரி, வெண்டை, தட்டைப்பயறும் அப்படித்தான். பயிர் மாறும், புழுவுக்குச் சாப்பாடு மாறாது. மாற்றுப்பயிராக செண்டுமல்லி, எள், சணப்பை சரிப்படும்.

பந்தலை இரண்டாகப் பிரியுங்கள். வாடுகிற மூலை உள்ள பாதிக்கு வரும் ஆடியில் செண்டுமல்லி, மறு பாதிக்கு அவரை. அடுத்த ஆடியில் இடம் மாற்றுங்கள். எந்தக் குழியும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அவரையைப் பார்க்க வேண்டும்.

செண்டுமல்லியை வரப்போரம் நாலு செடி வைத்தால் பலன் இல்லை. அதன் வேர் படும் மண்ணில்தான் புழு அடங்கும். ஒரு அடிக்கு ஒரு அடி, பத்து சென்ட்டுக்கு ஏறக்குறைய 4,350 நாற்று. ஆனியில் நாற்றுவிட்டு ஆடியில் நட்டால் ஆயுதபூஜை, தீபாவளிக்குப் பூ விலைபோகும். குறைந்தது மூன்று மாதம் நிற்கட்டும், பிறகு வேரோடு மடக்கி உழுங்கள். செவ்வந்தி வேறு செடி, அதற்கு இந்தக் குணம் கிடையாது. நாற்று வாங்கும்போது தெளிவாகக் கேளுங்கள். இடையில் மணத்தக்காளியும் குப்பைக்கீரையும் முளைத்தால் உடனே பிடுங்க வேண்டும், அவற்றின் வேரில் புழு பிழைத்துக்கொள்ளும். பக்கத்து அவரைக் கொடி கம்பியில் இந்தப் பக்கம் படர்ந்து நிழல் கட்டாமலும் பாருங்கள்.

கல்பந்தல்:
நன்றிங்க. இப்போது நிற்கிற கொடிக்கு ஏதாவது செய்ய முடியுமா? மாசியில் எடுத்த பிறகு?

மண்வெட்டி:
நிற்கிற கொடி முழுசாகத் தேறாது, ஆனால் புது வேர் விடவைத்துக் காய் பார்க்கலாம். மட்கிய தொழுவுரம் 100 கிலோவில் பர்ப்பூரியோசிலியம் லிலாசினம் (நூற்புழுவைத் தின்னும் பூஞ்சை) 2 கிலோ கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் சாக்குப் போட்டு மூடி 15 நாள் வையுங்கள். குழிக்கு முக்கால் கிலோ வரும். அதோடு வேப்பம்புண்ணாக்கு 200 கிராம் சேர்த்து, தூரிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக லேசாகக் கொத்தி மூடுங்கள். 135 குழிக்குப் புண்ணாக்கு 27 கிலோ. அந்த வாரங்களில் பூஞ்சாண மருந்து எதையும் தூரில் ஊற்றாதீர்கள், ஊற்றினால் போட்ட பூஞ்சையே செத்துவிடும். தண்ணீரை ஒரே நேரமாக விடாமல் காலையும் மாலையும் பிரித்து விடுங்கள்.

மாசியில் தண்டை மட்டும் அறுத்துவிட்டு வேரை மண்ணில் விட்டுவிடாதீர்கள். முட்டை அத்தனையும் அந்த வீங்கின வேரில்தான். தோண்டி எடுத்து, காயவைத்து எரியுங்கள், எருக்குழியில் போட வேண்டாம். பங்குனியிலிருந்து சொட்டுநீரை நிறுத்தி, 15 நாள் இடைவெளியில் இரண்டுமுறை குழியைக் கொத்திப் புரட்டிக் காயவிடுங்கள். மோசமான இருபது குழிக்கு மட்டும் சித்திரையில் நன்றாக நனைத்து, 25 மைக்ரான் தடிமனுள்ள, ஒளி புகும் பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, நாலு ஓரமும் மண்ணில் புதைத்து ஆறு வாரம் விடுங்கள். கருப்புத் தாள் போட்டால் இந்த அளவுக்கு மண் சூடேறாது.

புழு தானாக நகர்ந்து போவது வருடத்துக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. மற்றபடி அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் மண்வெட்டியும் காலும் வாய்க்கால் தண்ணீரும்தான். வேலையை எப்போதும் நல்ல பாதியில் தொடங்கி அந்த மூலையில் முடியுங்கள், மண்வெட்டியைக் கழுவிவிட்டு எடுத்து வையுங்கள்.

வெள்ளாமை:
ஒன்று விட்டுப்போனது. செண்டுமல்லி எடுத்த கையோடு அந்தப் பாதியில் கார்த்திகையில் பந்தல் அவரை ஊன்றிவிடாதீர்கள். பகல் குறுகும்போது பூக்கிற ரகம் அது. கம்பி ஏறும் முன்பே பூவெடுத்து, நாலு காயோடு நின்றுவிடும். ஆடி வரை இடத்தைச் சும்மா விட மனமில்லை என்றால் எள் தெளியுங்கள்.