லைம் ரீஜிஸ்: சரியும் குன்றுகளின் ஊரில்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டம் முடிந்து டெவன் தொடங்கும் எல்லையை ஒட்டி இருக்கும் லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூருக்குப் போகிறவர்களில் பலர், 'காப்' எனப்படும் வளைந்த கல் அலைதாங்கியின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, பொரித்த மீனைத் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை அதற்குக் கிழக்கே ஓயாமல் சரிந்துகொண்டிருக்கும் குன்றுகள்தாம் என்பதால், கோடைக் கூட்டத்தைத் தவிர்த்து, தொடர்மழை ஓய்ந்த ஒரு பிப்ரவரி வாரத்தில் போனேன்.

நான் தங்கிய விடுதியை நடத்தும் அம்மையார் காலை உணவைப் பரிமாறும்போதே, "இரவு பிளாக் வென் குன்றுப் பக்கம் மண் இறங்கியிருக்கிறதாம்; கடல் வற்றத் தொடங்கியதும் போனால் நிறையக் கிடைக்கும், ஆனால் குன்றின் அடியை ஒட்டி மட்டும் நடக்காதீர்கள்" என்றார். மண்சரிவை அச்சமாகவும் வரவாகவும் ஒரே மூச்சில் பேசும் ஊர் அது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறே அங்கே கருநீலக் களிப்பாறையும் வெளிர்சாம்பல் சுண்ணாம்புக்கல்லும் மாறிமாறி அடுக்கிய குன்றாக நிற்கிறது. மேலே மழைநீர் ஊறிக் களி வழுக்குகிறது, கீழே அலை அரிக்கிறது. இரண்டுக்கும் இடையில் புதைபடிவங்கள் வெளியே வந்து விழுகின்றன.

கரையில் முழங்காலிட்டுக் கூழாங்கற்களைத் துழாவிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், எதைத் தேட வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். அவர் உள்ளங்கையில் இருந்தது அம்மோனைட், அதாவது கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட, அற்றுப்போன கடலுயிரியின் புதைபடிவம்; சட்டைப் பொத்தான் அளவுதான். ஆனால் இரும்புக் கந்தகக் கனிமமாக மாறியிருந்ததால் பித்தளை நிறத்தில் மின்னியது, அளவுக்கு மீறிய கனம் இருந்தது. சாளக்கிராமத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தச் சுருள் புதிதல்ல, அதுவும் அம்மோனைட்தான். கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம், குன்றைச் சுத்தியலால் கொத்தக் கூடாது என்பது அங்குள்ள நடைமுறை. அறிவியல் முக்கியத்துவம் உள்ள எதுவும் கிடைத்தால், பக்கத்து ஊரான சார்மவுத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்ய வேண்டும். "எடுப்பது தவறில்லையா?" என்று கேட்டதற்கு, "எடுக்காவிட்டால் கடல் இதை அரைத்து மணலாக்கிவிடும்" என்றார். அந்த விடைக்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கரையில் பிழைப்பு நடத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மேரி அன்னிங். 1799இல் பிறந்த அவர் ஒரு மரத்தச்சரின் மகள். 1810இல் தந்தை கடனை வைத்துவிட்டு இறந்தபின், கரையில் பொறுக்கியதை விற்றே குடும்பம் வாழ்ந்தது. 1811இல் அண்ணன் ஜோசப், மீன் உருவில் இருந்த பண்டைக் கடல் ஊர்வனவான இக்தியோசாரின் தலையோட்டைக் கண்டார். மறு ஆண்டில் எஞ்சிய உடலை மேரி கண்டெடுத்தார். 1823இல் நீண்ட கழுத்துடைய இன்னொரு கடல் ஊர்வனவான பிளீசியோசார் ஒன்றையும் முழுமையாக வெளிக்கொணர்ந்தார். 1833இல் சரிந்த மண், அவர் கண்ணெதிரிலேயே அவருடைய நாய் டிரேயைப் புதைத்தது. லண்டன் புவியியல் சங்கம் 1919 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. அவர் தோண்டியதை வாங்கிக் கட்டுரை எழுதிய கனவான்கள் பல சமயம் அவர் பெயரைக் குறிப்பிடவும் இல்லை. அவர் 1847இல் இறந்தபின், புனித மைக்கேல் ஆலயத்தில் அவர் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரத்துக்கு அச்சங்கத்தினரே பணம் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அதைவிட 2022இல் எழுந்த வெண்கலச் சிலைக்கே மதிப்பு அதிகம். அதற்கான முயற்சியைத் தொடங்கியது ஒரு பள்ளிச் சிறுமி. சுத்தியலோடும் நாயோடும் மேரி நடந்து செல்வதாக அதை வடித்திருக்கிறார்கள்.

அவர் பிறந்த வீடு இருந்த மனையிலேயே இன்றைய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தவறவிடக் கூடாதது ஒரு மேசை: புவியியலாளர் வில்லியம் பக்லண்டுக்காக, புதைபடிவமாகிவிட்ட சாணத் துண்டுகளை அறுத்து மெருகேற்றிப் பதித்துச் செய்தது. அருகில் நின்ற பெண்மணி அதன் அழகை வியந்து பாராட்டிவிட்டு, விளக்க அட்டையைப் படித்ததும் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

காப்புக்கு மேற்கே உள்ள கரைக்கு மன்மவுத் பெயர். 1685 ஜூனில் அரியணை கோரி வந்த மன்மவுத் கோமகன் இறங்கிய இடம் அது. கிளர்ச்சி தோற்றபின் 12 பேரை அதே கரையில் தூக்கிலிட்டார்கள். இப்போது அங்கே கடல் வற்றும்போது, பெரிய பெரிய அம்மோனைட்கள் பதிந்த பாறைத் தளம் வெளிப்படுகிறது. அதைப் பார்க்கத்தான் முடியும், பெயர்க்கக் கூடாது.

அதற்கும் மேற்கே, 1839 கிறிஸ்துமஸ் சமயத்தில் விளைநிலம் ஒரு பெருந்துண்டாகப் பெயர்ந்து கடல் பக்கம் நகர்ந்தது. நகர்ந்த நிலத்திலும் கோதுமை விளைய, மறு ஆண்டு அறுவடையைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தார்கள். இன்று அது காடு மண்டிய நடைபாதை. இடையில் ஒதுங்க வழி கிடையாது, சேற்றில் கால் புதையும், எனவே நல்ல காலணியும் முழுப் பகலும் வேண்டும். கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் அன்றைய கடலேற்ற நேரத்தைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறினால் குன்றுக்கும் அலைக்கும் நடுவில் நிற்க இடமிருக்காது.