ஹெச்டிடிபி/3 வழியாக எஸ்எஸ்ஹெச்: பயன்பாட்டிலுள்ள சர்வரில் நம்பி நிறுவலாமா?

கேள்வி

தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வர்களை, மறையாக்கத்துடன் உள்நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் மூலம் பராமரித்து வருகிறேன். மடிக்கணினி வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போதெல்லாம், எந்த விசையை அழுத்தினாலும் அசையாமல் டெர்மினல் உறைந்து நிற்கிறது. இணையதளங்களுக்கான புதிய நெறிமுறையான ஹெச்டிடிபி/3 மீது இயங்கும் எஸ்எஸ்ஹெச்3 இதைத் தீர்க்கும் என்றும், எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான 22ஆம் போர்ட்டை வெளியுலகுக்கு மூடிவிடலாம் என்றும் படித்தேன். இவ்விரண்டும் உண்மையா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் டிசிபி நெறிமுறை ஓர் இணைப்பை இரு முனைகளின் ஐபி முகவரிகளையும் போர்ட் எண்களையும் கொண்டே அடையாளம் காண்பதால், உங்கள் முகவரி மாறிய கணமே பழைய இணைப்பு செத்துவிடுகிறது. அந்தச் செய்தி டெர்மினலுக்குத் தெரியாததால்தான் அது உறைந்து நிற்கிறது. ஹெச்டிடிபி/3க்கு அடித்தளமான க்விக், 2021இல் ஆர்எஃப்சி 9000 ஆக வெளிவந்தது. அது டிசிபிக்குப் பதிலாக யூடிபி என்ற எளிய நெறிமுறை மீது இயங்கி, இணைப்புக்கென்று தனி அடையாள எண் வைத்திருப்பதால், முகவரி மாறினாலும் தொடர முடியும். ஆனால் க்விக்கில் உள்ளதெல்லாம் எஸ்எஸ்ஹெச்3இலும் இருக்கும் என்று கொள்ள வேண்டாம். பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் அறிமுகப்படுத்திய அந்த மாதிரிக் கருவியின் குறிப்பில், இணைப்பு இடம்பெயர்வு இனி வரவிருக்கும் வசதியாகவே இடம்பெற்றிருந்தது. வழக்கமான எஸ்எஸ்ஹெச் அமர்வைத் தொடங்க 5 முதல் 7 சுற்றுப் பயணங்கள் (செய்தி போய்ப் பதில் வருதல்) பிடிக்குமிடத்தில் 3 போதும் என்பது மெய்யான ஆதாயம். எனினும் அமர்வு தொடங்கிய பின் தட்டச்சின் தாமதம் குறையாது.

மறுமொழி 2

போர்ட் பற்றி: எஸ்எஸ்ஹெச்3 சர்வரை ஒரு ரகசிய யூஆர்எல் பாதைக்குப் பின்னால் வைக்கலாம், பாதை தெரியாதவருக்கு ‘பக்கம் இல்லை’ என்னும் 404 மட்டுமே கிடைக்கும். போர்ட்டுகளைத் துழாவும் நிரல்களின் தொல்லை இதனால் குறையுமே தவிர, அதைப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன். இணையதளங்கள் பயன்படுத்துவது போன்ற முறையான டிஎல்எஸ் சான்றிதழ் இருந்தால், முதல் இணைப்பில் சர்வர் சாவியின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் குறியீட்டை) காட்டி உறுதி கேட்கும்போது படிக்காமலே ‘யெஸ்’ என்று தட்டும் நம் எல்லோருடைய பழக்கத்துக்கும் அங்கே வேலையில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனாலும் பல ஆண்டுகளாக அலசப்பட்ட, வழக்கமான எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் இடத்தில் ஒரு சோதனை நிரலை வைக்க மாட்டேன்.

கேட்டவர்

நன்றி நண்பர்களே. முகவரி மாறினாலும் அமர்வைத் தொடரும் மோஷ் என்ற கருவியைப் பயன்படுத்தலாம் என்றால், தரவுத்தளத்துக்குப் போர்ட் ஃபார்வர்டிங் (எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு போர்ட்டின் இணைப்பைக் கடத்துவது) எனக்குக் கட்டாயம் வேண்டும். அதில் அது இல்லையே?

மறுமொழி 1

இல்லைதான். வயர்கார்ட் என்ற விபிஎன் கருவியை நிறுவி, அதற்குள்ளேயே எஸ்எஸ்ஹெச்சை ஓட்டுங்கள். வெளி முகவரி மாறினாலும் அது அமைக்கும் மறையாக்கச் சுரங்கத்துக்குள் உள்ள முகவரி மாறாததால் டிசிபி இணைப்பு பிழைத்துக்கொள்ளும். 22ஐ வெளியே திறக்கவும் தேவையில்லை. உரிய சாவியில்லாத தரவுப் பொட்டலங்களுக்கு வயர்கார்ட் பதிலே தராது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்: யூடிபியைத் தடுக்கும் அலுவலக வலையமைப்புகளில் வயர்கார்டும் எஸ்எஸ்ஹெச்3உம் ஒருசேர முடங்கும். உலாவி அங்கே சத்தமில்லாமல் டிசிபிக்குத் திரும்பிவிடுவதால், இணையதளங்கள் திறப்பதை வைத்து ஹெச்டிடிபி/3 பயன்படுத்தும் யூடிபி 443ஆம் போர்ட் திறந்திருக்கிறது என்று முடிவுகட்ட இயலாது.