கிச்சனரில் பஸ்ஸை நம்பி அறை எடுக்கலாமா? தங்கைக்காகக் கேட்கிறேன்

பாலக்கோடு_அண்ணன்:

வணக்கம். என் தங்கைக்கு கனடாவில் ஒன்டாரியோ மாகாணம், கிச்சனர் ஊரில் உள்ள கொனஸ்டோகா கல்லூரியில் செப்டம்பர் சேர்க்கை கிடைத்திருக்கிறது. விசாவும் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் வெளிநாடு போகும் முதல் ஆள் அவள்தான். நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன், பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை, அதனால் சின்னச் சின்னதாகக் கேட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அறைகள் பார்த்திருக்கிறோம். ஒன்று கல்லூரிக்குப் பக்கத்தில், மூன்று பெண்கள் சேர்ந்து தங்குவது, வாடகை அதிகம். இன்னொன்றை ஒரு புரோக்கர் வாட்ஸ்அப்பில் காட்டினார், வாடகை நன்றாகக் குறைகிறது. அந்த ஊருக்குள் அயான் என்று ஒரு ரயில் ஓடுகிறதாம். "அதில் கொனஸ்டோகா ஸ்டேஷன் என்றே இருக்கிறது, அங்கிருந்து 5 நிமிட நடை" என்கிறார். சனிக்கிழமைக்குள் அட்வான்ஸ் போடச் சொல்கிறார்.

இங்கே அவள் மூன்று வருடம் தருமபுரியில் உள்ள கல்லூரிக்கு பஸ்ஸில்தான் போய் வந்தாள். கவர்மென்ட் பஸ் போய்விட்டால் பின்னாலேயே ஒரு தனியார் பஸ் வரும், கையைக் காட்டினால் நிற்கும். அங்கே எப்படி? இரவு வேலை முடித்துத் தனியாக வர பஸ் இருக்குமா? பனியில் பஸ் ஓடுமா? இதுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை, எனக்கும்.

ஊத்தங்கரைக்காரன்:

அண்ணா, முதலில் அந்த அட்வான்ஸைப் போடாதீர்கள்.

நான் 2018-இலிருந்து நான்கு வருடம் அந்த ஊரில் இருந்தவன். அயான் ரயிலில் கொனஸ்டோகா என்று ஒரு நிறுத்தம் இருப்பது உண்மைதான். ஆனால் அது கொனஸ்டோகா மால், அதாவது வணிக வளாகம். கிச்சனரை ஒட்டிய வாட்டர்லூ என்ற ஊரின் வடக்குக் கோடியில் இருக்கிறது. கல்லூரியின் முக்கிய வளாகம் இருப்பது டூன் என்ற இடத்தில், கிச்சனரின் தெற்குக் கோடியில், 401 நெடுஞ்சாலையை ஒட்டி. பெயர் ஒன்று, இடம் இரண்டு. அயான் பாதை மொத்தம் 19 கிலோமீட்டர், வடக்கே அந்த மாலில் தொடங்கி தெற்கே ஃபேர்வே என்ற நிறுத்தத்தில் முடிகிறது. கல்லூரி வரைக்கும் ரயில் போகாது. உங்கள் தங்கை தினமும் முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம் ரயிலில் உட்கார்ந்து, ஃபேர்வேயில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். தருமபுரியில் அறை எடுத்துவிட்டு தினமும் காரிமங்கலம் தாண்டிப் போய் வருவது மாதிரி, அதுவும் ஜனவரிக் குளிரில். புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரிக்கு வாட்டர்லூவில் யுனிவர்சிட்டி அவென்யூவிலும் ஒரு வளாகம் உண்டு. சேர்க்கைக் கடிதத்தில் எந்த வளாகம் என்று போட்டிருக்கும். வாட்டர்லூ என்றால் அந்த அறை மோசமில்லை. டூன் என்றால் வேண்டாம்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். கிச்சனர், வாட்டர்லூ, கேம்பிரிட்ஜ் மூன்று ஊருக்கும் சேர்த்து கிராண்ட் ரிவர் டிரான்சிட் என்ற ஒரே அமைப்புதான் பஸ் விடுகிறது, 2000-இல் தொடங்கியது. தனியார் டவுன் பஸ் கிடையாது, அதனால் ஒன்றை விட்டால் அடுத்தது அட்டவணைப்படிதான். ஐஎக்ஸ்பிரஸ் என்று 201, 202 மாதிரி எண்ணோடு ஓடுபவை முக்கிய நிறுத்தங்களில் மட்டும் நிற்கும், அடிக்கடியும் வரும். தெருவுக்குள் சுற்றி வரும் சாதாரண வண்டிகள் அப்படி இல்லை. இரவில் குறையும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறையும். எனக்கு முதல் குளிர்காலத்தில் ஞாயிறு காலை வேலை. வார நாள் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போய் நின்றேன். நாற்பது நிமிடம். விரல் மரத்துப்போய் சாவியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டு அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் சொல்கிறேன், எந்த அறையானாலும் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் அந்த முகவரிக்குப் பக்கத்து நிறுத்தத்தின் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைப் பாருங்கள். வார நாள் காலை எட்டு மணிக்கு எந்த ஊரிலும் பஸ் இருக்கும்.

காவேரிப்பட்டணம்_டீச்சர்:

தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மகன் வீட்டில் ஆறு மாதம் அதே ஊரில் இருந்தேன். எனக்கு மூட்டுவலி. இங்கே டவுன் பஸ் படி ஏற இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், அதனால் அங்கேயும் வெளியே போக முடியாது என்றே நினைத்திருந்தேன். முதல் நாள் நிறுத்தத்தில் நிற்கிறேன், பஸ் வந்து நின்றதும் முன்பக்கம் அப்படியே நடைபாதை உயரத்துக்குத் தாழ்ந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்துத்தான் தாழ்த்தினார் என்று மருமகள் சொன்னாள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் விரிகிறது, அதற்கென்று உள்ளே இடமும் இருக்கிறது. நான் உட்காரும்வரை வண்டியை எடுக்கவில்லை. அப்புறம் நான் தனியாகவே நூலகத்துக்குப் போய் வர ஆரம்பித்துவிட்டேன், அறுபத்து நான்கு வயதில் எனக்கு அது பெரிய விஷயம்.

உங்கள் தங்கைக்குச் சொல்ல வேண்டியவை: நடத்துநர் கிடையாது, விசிலும் கிடையாது. ஏறும்போது ஈசிகோ என்ற அட்டையைக் கருவியில் தட்ட வேண்டும். காசாகப் போட்டால் சரியான சில்லறை வேண்டும், ஓட்டுநர் மீதி தரமாட்டார். ரயிலுக்கு ஏறுவதற்கு முன்பே பிளாட்பாரத்தில் தட்டிவிட வேண்டும், உள்ளே சோதனைக்கு வருவார்கள். ஒருமுறை தட்டினால் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடுத்த பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. இறங்க வேண்டுமென்றால் சன்னல் ஓரக் கயிற்றை இழுக்க வேண்டும், சும்மா இருந்தால் நிறுத்தம் தாண்டிப் போய்விடும். இறங்கும்போது எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் மிகவும் பிடித்துப்போய், இங்கே வந்தும் கிருஷ்ணகிரி பஸ்ஸில் சொல்கிறேன்.

நம் ஊரில் 2021-இலிருந்து பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ் இலவசம். அது அங்கே கிடையாது, மாதச் செலவில் பஸ் காசைத் தனியாகப் போட்டு வையுங்கள். வாட்டர்லூ பல்கலைக்கழகம், லாரியர் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தோடு பஸ் பாஸ் சேர்ந்து வரும். இவள் கல்லூரியில் கட்டண விவரத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓசூர்_இரவுப்பணி:

டீச்சரம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் இப்போது அங்கேதான் படிக்கிறேன். 2024 நவம்பரிலிருந்து வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வேலை செய்யலாம். கடைகளில் புதிதாகச் சேருபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடையடைக்கும் ஷிப்ட்தான். வேலைக்குச் சேரும் முன் கடைசி பஸ் நேரத்தை மேலாளரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் பதினைந்து நிமிடம் முன்னால் விடுவார்கள். கேட்காமல் இருந்தால் டாக்சிக்கே அன்றைய சம்பளம் போகும்.

பனியில் பஸ் ஓடும், தாமதமாக ஓடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு இலக்க எண் இருக்கும், அதை வைத்து அடுத்த வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பினால் குளிரில் நிற்கும் நேரம் பாதியாகிவிடும். கோட்டுக்குச் செலவழிப்பதைவிட நீர் புகாத பூட்ஸுக்குச் செலவழியுங்கள், ஏனென்றால் நடைபாதை ஓரத்தில் ஒதுக்கிய பனிமேட்டை மிதித்துத்தான் பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கும்.

வேலைநிறுத்தமும் வரும். 2020 ஜனவரியிலும் 2023 மே மாதத்திலும் பஸ்கள் நின்றன, ரயில் மட்டும் ஓடியது. அப்போது நடந்தே போகும் தூரத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

டொராண்டோ விமான நிலையத்திலிருந்து வரும்போது பழைய பதிவுகளை நம்ப வேண்டாம். கிரேஹவுண்ட் என்ற வெளியூர் பஸ் நிறுவனம் 2021-இலேயே கனடாவுக்குள் ஓடுவதை நிறுத்திவிட்டது. கிச்சனரின் சார்லஸ் தெரு பஸ் நிலையமும் 2019-இல் ரயில் வந்ததோடு மூடப்பட்டது. கோ (GO) என்ற பெயரில் ஓடும் வெளியூர் ரயிலும் பஸ்ஸும் உண்டு, அதற்கு பிரஸ்டோ என்ற வேறு அட்டை. ஆனால் இரண்டு பெட்டியோடு முதல்முறை வரும் பெண்ணுக்கு யாராவது காரில் வந்து அழைத்துப்போவதுதான் நல்லது.

பாலக்கோடு_அண்ணன்:

கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். டூன் என்றுதான் இருக்கிறது. புரோக்கரிடம் கேட்டேன், "ஒரே பெயர்தானே சார்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊத்தங்கரைத் தம்பி, நீங்கள் சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையே பணம் போட்டிருப்பேன்.

நேற்று இரவு நானும் தங்கையும் உட்கார்ந்து கல்லூரிப் பக்கத்து அறையின் ஞாயிறு அட்டவணையைப் பார்த்தோம். பஸ் குறைவுதான், ஆனால் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். வாடகை அதிகமானாலும் அதையே எடுக்கிறோம். டீச்சரம்மா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார்.

அந்த அறையில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து செப்டம்பரில் டூன் வளாகத்துக்குப் போகும் பெண்கள் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.